கார்முகிலும் கமராவும்: மலையகத்தில் இடிமுகிலைப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

பாலைவனத்தின் மேல் இடிமுகில் கவிந்து நிற்கும் படங்களைப் பார்க்காதவர் இன்று குறைவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள சொனோரன் பாலைவனத்துக்கு ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரை ஒரு பருவமழைக் காலம் உண்டு. நம் கைபேசிக்கு வந்து சேரும் அத்தகைய படங்களில் பல அங்கே அந்த மாதங்களில் எடுக்கப்பட்டவை. வைக்கோல் நிறத்தில் வெட்டவெளி, அதன் மேல் மைக்கறுப்பாய் ஒரு முகில், முகிலின் அடியிலிருந்து இறங்கி நிற்கும் ஒற்றை மழைக்கால், ஒரு மூலையில் மட்டும் சாய்வெயில். அந்த ஆசையோடு நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ வானம் இருட்டிக்கொண்டு வரும் வேளையில் கமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் பூசிய ஒரு வெற்று வானம்தான். நானும் பல ஆண்டுகள் அப்படிப்பட்ட படங்களைத்தான் எடுத்துச் சேர்த்தேன். கமரா மலிவானது என்பதோ நமது வானம் அழகில் குறைந்தது என்பதோ அதற்குக் காரணம் அல்ல. முகிலின் வீரியம் படத்தில் தெரிவது, வெளிச்சம் பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போய் நிற்க வேண்டும். பிறகு, கமரா அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகக் கைவரும்.

முதலில் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். ஈரக்காற்று மேலெழும்போது குளிர்கிறது. ஓர் உயரத்துக்கு வந்ததும் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறத் தொடங்குகிறது. அந்த உயரமே முகிலின் அடித்தளம். நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிபடுநிலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். தரையில் காற்றின் வெப்பநிலை எவ்வளவு, பனிபடுநிலை எவ்வளவு என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால், முகிலின் அடி தரையிலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கும் என்பது அண்ணளவாகக் கிடைக்கும். பாலைவனத்தில் வெப்பநிலை 40 பாகையாகவும் பனிபடுநிலை 12 பாகையாகவும் இருக்கும் ஒரு பிற்பகலை எடுத்துக்கொள்வோம்: வித்தியாசம் 28, ஆகவே முகிலின் அடி 3,500 மீற்றர் உயரத்தில் தொங்கும். நுவரெலியாவில் வெப்பநிலை 19, பனிபடுநிலை 16 என்றிருக்கும் பிற்பகலில் வித்தியாசம் மூன்றே பாகை. முகிலின் அடி 375 மீற்றரில் வந்துவிடும். பாலைவனத்தில் நிற்பவருக்கு முகிலின் அடியும் தரையும் இரண்டு தட்டுகளைப் போல விலகி நிற்க, அவற்றுக்கு இடையே வெயில் நுழைந்து வருவது தெரிகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலோ சுற்றியுள்ள மலைகளின் உச்சி முகிலுக்குள் புதைந்துபோக, நாம் முகிலின் மடியில் நிற்கிறோம். மடியில் நின்றுகொண்டு முகிலின் முகத்தைப் படம் எடுக்க முடியாது.

ஆகவே விலகி நிற்க வேண்டும். மலையகத்தில் அதற்கு வாய்ப்பான பக்கம் ஊவா. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், நோர்வூட், தலவாக்கலை பகுதிகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, நடுமலைத் தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் குறைந்து சூடேறுகிறது. முகிலுக்குள் ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 6 பாகை குளிரும். ஈரத்தை இழந்து கீழே இறங்கும் காற்றோ கிலோமீற்றருக்கு 10 பாகை வரை சூடேறும். ஏறியபோது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம் என்பதால்தான், அட்டனில் குடை மடக்க முடியாத ஜூலை மாதத்தில் வெலிமடைப் பக்கத்துப் புல்வெளிகள் காய்ந்து சருகாகின்றன. மட்டக்களப்பார் இந்த அனல்காற்றைக் கச்சான் என்பார்கள். நம்மில் பலருக்குக் கச்சான் என்றதும் வறுத்த நிலக்கடலைதான் நினைவுக்கு வரும் என்றாலும், காற்றின் பெயராகவும் அந்தச் சொல்லை அறிந்து வைத்திருப்பது முகில் பார்ப்பவருக்கு மிகவும் பயன்படும்.

அந்தக் காய்ந்த புல்மேடுகள்தான், பத்தனை என்று நாம் சொல்லும் அந்தப் பொட்டல்கள்தான், நமக்கு வாய்த்த பாலைநிலம். மரம் குறைவு, நிறம் மஞ்சள், பார்வைக்கு மறைப்பு இல்லை. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால், மலைத்தொடரின் முதுகில் முகில் ஒரு மதில்போல அசையாமல் குந்தியிருப்பதைக் காணலாம். அது உண்மையில் அசையாமல் இருப்பதில்லை. மறுபக்கத்திலிருந்து இடைவிடாமல் வந்து, முகட்டைத் தாண்டி வழிந்து, சூடான காற்றில் கரைந்துகொண்டே இருக்கிறது. இதல்கஸ்ஹின்னைப் புகையிரத நிலையத்தருகே மலையிடுக்கு வழியாக முகில் பால்போலப் பொங்கி வழிவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தவருக்கு இது தெளிவாக விளங்கும்.

ஆனால் அந்த மதில் இடிமுகில் அன்று. கோபுரம்போல் எழுந்து இடியும் மின்னலுமாய் வரும் முகில் வேண்டுமென்றால் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்களுக்குக் காத்திருக்க வேண்டும்: மார்ச், ஏப்ரல் ஒரு காலம், ஒக்டோபர், நவம்பர் மற்றொன்று. அந்த மாதங்களில் பலமான காற்று இல்லாததால், காலை வெயிலில் சூடேறும் மலைச்சரிவுகளும் கடற்கரையிலிருந்து உள்ளே நகரும் ஈரக்காற்றும் சேர்ந்து முகிலைத் தள்ளி உயர்த்துகின்றன. காலை எட்டு மணிக்கு வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். பதினொரு மணிக்குப் பஞ்சுப்பொதிகள் தோன்றும். இரண்டு மணிக்குள் அவற்றில் ஒன்று பூக்கோவா போல மேல்நோக்கிக் குமுறத் தொடங்கும். நமது வெப்பமண்டலத்தில் இத்தகைய முகில் பதினைந்து கிலோமீற்றருக்கும் மேலே வளரக்கூடியது. அதற்கு மேல் எழ வழியில்லாமல் தலை தட்டையாகி, கொல்லனின் பட்டடைக்கல்லைப்போலப் பக்கவாட்டில் விரியும். அந்தத் தட்டைத் தலையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் முகில் நம்மிடமிருந்து பல மைல்களுக்கு அப்பால் இருக்க வேண்டும். அண்மையில் வந்துவிட்ட முகிலின் அடிவயிறு மட்டுமே தெரியும்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது அப்புத்தளை. ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், கத்தியின் விளிம்பு போன்ற ஒரு முகட்டில் அந்த நகரம் அமைந்திருக்கிறது. தெற்கே திரும்பினால் நிலம் சட்டென இறங்கி வெல்லவாயச் சமவெளியும் தெளிந்த நாளில் அதற்கப்பால் கடலும் தெரியும். வடக்கே திரும்பினால் ஊவாப் பள்ளத்தாக்கு ஒரு பெரிய தட்டம்போல விரிந்து கிடக்கும். ஒரு பக்கம் மழை பெய்யும்போது மறுபக்கம் வெயில் காய்வதை நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிகிற ஊர்கள் அதிகம் இல்லை. தம்பேதன்னைக்கு மேலே உள்ள லிப்டன் ஆசனமும் இதே போன்று நல்ல இடம்தான், ஆனால் அது காலையில் போய்வர வேண்டிய இடம். பிற்பகலில் அங்கே மூடுபனி ஏறிவிடுகிறது, இடி தொடங்கினால் ஒதுங்குவதற்கும் வழி குறைவு.

கமரா எங்கே தவறுகிறது என்பதை விளக்க, ஓர் ஒக்டோபர் மாதப் பிற்பகலில் நடந்ததைச் சொல்வது எளிது. அக்காவின் மகளை அழைத்துக்கொண்டு அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டப் பாதையில் நின்றிருந்தேன். மூன்றரை மணி இருக்கும். நமுனுகுலை மலைக்குப் பின்னால் முகில் கறுத்துத் திரண்டிருந்தது; அதன் இடதுபக்க விளிம்பில் மட்டும் வெயில் பட்டு, சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது. கீழே தேயிலைமலை நிழலில் கிடந்தது. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து நின்று, "தம்பி, அந்தா நமுனுகுலப் பக்கம் நல்லா கட்டிருச்சு. இன்னும் அரை மணியில இங்க வந்துரும். புள்ளைய கூட்டிக்கிட்டு எறங்குங்க" என்றார். மலையில் நாற்பது வருடம் வேலை செய்தவரின் கணக்கு வானிலை அறிக்கையைவிடத் துல்லியமானது என்பதால், இறங்கும் நேரத்தைக் கழித்தால் எங்களுக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குள் மருமகள் கைபேசியை நீட்டினாள். "மாமா, கண்ணுக்குக் கறுப்பாத்தான் தெரியுது. போன்ல வெள்ளையா வருது."

அவள் கேட்டதே இந்தக் கட்டுரையின் மையம். கமராவுக்கு முகில் என்றோ தேயிலை என்றோ எதுவும் தெரியாது. தனக்கு முன்னால் உள்ள காட்சியில் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து, அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக வரும்படி எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிறது. இப்படி உள்ளே விடப்படும் ஒளியின் அளவுக்குத்தான் எக்ஸ்போஷர் என்று பெயர். கீழ்ப்பாதியில் நிழல் படிந்த தேயிலை, மேற்பாதியில் கறுத்த முகில் என்று காட்சி முழுவதும் இருண்டிருந்தால், "இது மிகவும் இருட்டாக இருக்கிறது, வெளிச்சமாக்க வேண்டும்" என்று கமரா முடிவு செய்கிறது. தேயிலை பச்சையாகத் தெரிகிறது. கறுத்த முகில் வெளிறிச் சாம்பலாகிறது. வெயில் பட்ட விளிம்பு ஒரே வெள்ளையாகி உருவமே இல்லாமல் போகிறது. நம் கண்ணோ அப்படிச் செய்வதில்லை. அது முகிலைப் பார்க்கும்போது ஒரு விதமாகவும் தேயிலையைப் பார்க்கும்போது வேறு விதமாகவும் தன்னைச் சுருக்கியும் விரித்தும் கொள்கிறது. இரண்டும் ஒரே பார்வை என்று நாம் நம்புகிறோம்.

இந்த வித்தியாசத்தை அளக்கப் படக்காரர்கள் 'ஸ்டொப்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஸ்டொப் என்பது ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது, அவ்வளவுதான். முழு வெயில் பட்ட சாதாரணப் பொருளுக்கு ஐ.எஸ்.ஓ (ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறன்) 100, துவாரம் (லென்ஸ் திறந்திருக்கும் அகலம்) எஃப் 8, வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/400 வினாடி என்ற அளவு ஏறத்தாழச் சரியாக வரும். கனத்த முகிலின் நிழலில் கிடக்கும் நிலத்துக்கு அதைவிட மூன்று, நான்கு ஸ்டொப் அதிக ஒளி வேண்டும். வெயில் பட்ட முகில் விளிம்போ சாதாரணப் பொருளைவிட ஒன்றிரண்டு ஸ்டொப் பிரகாசமானது. ஆக, ஒரே சட்டத்துக்குள் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே நான்கு முதல் ஆறு ஸ்டொப் வரை வித்தியாசம். நான்கு முறை இரட்டித்தால் 16 மடங்கு, ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு. அதிலும் தேயிலைச் செடிகளின் இடுக்கில் உள்ள நிழலைக் கணக்கில் எடுத்தால் தூரம் இன்னும் கூடும். எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுப்பது என்பதை நாம் சொல்லாவிட்டால் கமரா தானாக ஒன்றை விட்டுக்கொடுத்துவிடும்.

என் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: வெளிச்சமான பக்கத்தைக் காப்பாற்றுங்கள், இருண்ட பக்கம் இருளட்டும். இருட்டில் விழுந்த விபரத்தைப் பிறகு ஓரளவு தூக்கி எடுக்கலாம். வெள்ளையாகிப்போன இடத்தில் எடுப்பதற்கு ஒன்றுமே இருக்காது. மருமகளிடம் வெயில் பட்ட விளிம்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். திரையில் சிறு சதுரம் தோன்றி அந்த அளவு பூட்டப்பட்டது. அருகே வந்த சூரியக் குறியைக் கீழே மெல்ல இழுத்தாள். வெள்ளைச் சுவருக்குள் மடிப்பு மடிப்பாய் உருவம் வந்தது; நடுமுகில் நீலம் கலந்த கறுப்புக்கு இறங்கியது; தேயிலைமலை ஒரு நிழலுருவமாகச் சுருங்கியது. அப்போது அவள் கவலையோடு கீழே பார்த்தாள். கீழே, தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரையில் மட்டும் ஒரு வெயில்கீற்று விழுந்திருந்தது. அந்த ஒரு கீற்று போதுமாக இருந்தது. நிலம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை என்பது அவளுக்கு அந்தக் கூரையைப் பார்த்ததும் புரிந்தது.

கமராவில் இதையே செய்ய, எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானை -0.7 அல்லது -1க்குக் கொண்டுவந்து தொடங்கலாம். பிறகு திரையில் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பாருங்கள். இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை. மேடு வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு ஏறினால் முகிலின் ஒரு பகுதி வெள்ளையாகிவிட்டது என்று பொருள். முட்டாமல் சற்று இடம் விட்டு நிற்கும்வரை குறையுங்கள். கோப்பை வழக்கமான சுருக்கிய வடிவமான ஜேபெக்காக மட்டும் சேமிக்காமல், கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவிலும் சேமிப்பது மிகவும் அவசியம். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள்தான்; 14 பிட் ரா கோப்பில் 16,384. முகிலின் கருமைக்குள் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அந்தப் படிநிலைகளில்தான் உயிரோடிருக்கின்றன. வானத்துக்கும் நிலத்துக்கும் தனித்தனி அளவில் மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைக்கும் முறையும் உண்டு. பாலைவனத்தில் பலர் மேற்பாதி கறுத்த கண்ணாடி வடிகட்டியை லென்சுக்கு முன்னால் வைப்பார்கள். அங்கே அடிவானம் நேர்கோடாக இருப்பதால் அது பொருந்தும். நமது முகடுகள் மேலும் கீழுமாகப் போவதால், அந்த வடிகட்டியின் கோடு மலையுச்சிகளை வெட்டிக் கறுப்பாக்கிவிடும். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வானமும் நிலமும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்காத இந்தச் சிக்கல் புகைப்படக்கலையோடு கூடவே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஈரத்தகடுகள், அதாவது மருந்து பூசிய ஈரம் காயுமுன்பே படம் பதியும் கண்ணாடித் தகடுகள், நீல ஒளியை மிகையாக உள்வாங்கியதால், நிலம் தெளிவாக வரும்போது வானம் வெற்று வெள்ளையாகியது. பிரான்சின் குஸ்தாவ் லு கிரே 1850களின் பிற்பகுதியில் தமது கடற்காட்சிகள் சிலவற்றுக்கு வானத்தை ஒரு தகட்டிலும் கடலை மற்றொரு தகட்டிலும் தனித்தனியே எடுத்து, அச்சிடும்போது ஒன்றாக்கினார். அதே ஈரத்தகட்டு முறையில் உலகப் புகழ்பெற்ற முகப்படங்களை எடுத்த ஜூலியா மார்கரெட் கமரன் தம் இறுதி ஆண்டுகளை நம் மலையகத்தில்தான் கழித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1875இல் இலங்கை வந்த அவர் 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மேல் முகில் இறங்குவதை அவரும் பார்த்திருப்பார். அதைப் படமாக்குவதற்கு ஏற்ற தகடு அன்று அவரிடம் இல்லை. இன்று ஒரு பாடசாலைப் பிள்ளையின் கையில் இருக்கும் கைபேசியால் அது முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி வெளிச்சத்தின் திசை. பிற்பகலில் சூரியன் மேற்கே இருக்கும். இடிமுகில் கிழக்கே இருந்தால், நமக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் முன்னால் உள்ள புல்மேட்டையும் வெள்ளைச் சுவரையும் கோயில் கோபுரத்தையும் ஒளியேற்ற, பின்னணியில் வானம் கறுத்து நிற்கும். பாலைவனப் படங்களின் இரகசியம் பெரும்பாலும் இதுதான். மாறாக, முகில் மேற்கே சூரியனை மறைத்து நின்றால் விளிம்பு மட்டும் வெள்ளிக்கம்பிபோல மின்னும், மழைக்கால் வெளிச்சத்தை ஊடுருவ விட்டுப் பட்டுத்துணிபோலத் தெரியும், நிலமோ முழு இருட்டு. இரண்டுமே அழகுதான், ஆனால் தொடங்குபவர் முதலாவதைப் பழகுவது நல்லது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே இருப்பதால் சூரியன் மிகச் செங்குத்தாக இறங்குகிறது. வட நாட்டுக்காரருக்கு ஒரு மணி நேரம் நீடிக்கும் பொன்வெயில் நமக்கு அதில் பாதிகூட நீடிக்காது. ஐந்து மணிக்கே இடத்தைத் தெரிவுசெய்து நிற்க வேண்டும்.

மழைக்காலைப் பற்றி ஒரு சொல். பாலைவனத்தில் மழைக்கால் பல வேளைகளில் தரையைத் தொடுவதில்லை. உயரமான முகிலிலிருந்து விழும் துளிகள் வறண்ட காற்றில் பாதிவழியிலேயே உலர்ந்துபோக, நரைத்த தாடிபோல அந்தரத்தில் தொங்கும். நமது ஈரக்காற்றில் அது அரிது. இங்கே மழைக்கால் தரைவரை இறங்கி, மலையை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு நம்மை நோக்கி வரும். மூன்றாவது மலை மறையும்போது முதலாவது மலை இன்னும் தெளிவாக இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் மலையகத்துக்கே உரிய காட்சி. பாலைவனத்துக்காரருக்கு அது கிடைக்காது. அதற்கு அகன்ற லென்ஸ் வேண்டாம். அகன்ற லென்ஸ் தொலைவில் உள்ள முகிலைச் சுண்டைக்காயாக்கிவிடும். தொலைவை அருகே இழுத்துக் காட்டும் 70 முதல் 200 மில்லிமீற்றர் வரையான லென்சையோ, கைபேசியில் இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கும் லென்சையோ பயன்படுத்தினால் மலை அடுக்குகள் நெருங்கி வந்து முகிலும் தன் உண்மையான பருமனோடு எழும். தலைக்கு மேலே வளைந்து நிற்கும் முகிலுக்கு மட்டும் அகன்ற லென்சை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நிலத்துக்குச் சட்டத்தில் கால்பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

நிறத்தை கமராவின் விருப்பத்துக்கு விடக்கூடாது. வெள்ளை வெள்ளையாகவே வரும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கமரா முகிலின் நீலத்தைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும். பகல்வெளிச்சம், அதாவது 5,500 கெல்வின் அளவில் பூட்டிவைத்தால் நீலம் நீலமாகவே இருக்கும். பின்னர் கணினியிலோ செயலியிலோ திருத்தும்போது, முகிலின் முறுக்கைக் கூட்டும் கட்டுப்பாடுகளை எல்லைவரை இழுப்பதை நான் மனமாரத் தவிர்க்கச் சொல்கிறேன். மலைமுகட்டைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று அறியலாம். அந்த மலையடியில் குடியிருப்பவர் படத்தைப் பார்த்து "ஆமாம், அன்றைக்கு இப்படித்தான் இருட்டியது" என்று சொல்ல வேண்டும்.

ஏனென்றால் நாம் படம் எடுக்கும் முகில் சிலருக்குப் பயத்தின் உருவம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலையகத் தமிழர் எவரும் மறக்கவில்லை. இடிமுகிலுக்குரிய மாதங்களில் ஒன்று என்று நான் மேலே சொன்ன அதே மாதம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் பகுதிக்குப் படம் எடுக்கப் போகவே கூடாது. தொடர்ந்து மழை பெய்த நாட்களில் வெட்டுப்பாறைகளுக்குக் கீழே நிற்கவும் கூடாது.

மின்னல் இன்னும் உடனடியான ஆபத்து. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று வினாடி எடுத்தால் தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால், அதாவது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டால், முகட்டிலிருந்து இறங்கிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வரக்கூடாது. தனி மரத்தின் கீழோ கொழுந்து மடுவத்தின் திறந்த தாழ்வாரத்திலோ நிற்பது பாதுகாப்பு ஆகாது. மின்னலையே படம் எடுக்க விரும்புபவர் இரவில், தொலைவில் உள்ள முகிலை, வீட்டு யன்னலுக்குள்ளிருந்து எடுக்கலாம்: கமராவை முக்காலியில் நிறுத்தி, குவியத்தைக் கையால் தொலைதூரத்துக்கு வைத்து, ஐ.எஸ்.ஓ 100 அல்லது 200, துவாரம் எஃப் 8, திறப்பு 15 முதல் 20 வினாடி என்று வைத்துத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால், ஏதாவது ஒரு படத்துக்குள் மின்னல் தானாக வந்து விழும்.

கமராவைப் பாதுகாப்பதும் மலையகத்தில் தனி வேலைதான். குளிர்ந்த அறையிலிருந்து வெயிலுக்குள் வந்ததும் லென்ஸ் வியர்க்கும். பையிலேயே பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு எடுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்த லென்சுக்குள் ஒரு பருவத்துக்குள் பூஞ்சணம் சிலந்திவலைபோலப் படர்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதற்குள் வைப்பது போதும்.

அன்று அந்த அம்மா சொன்ன கணக்குப் பிசகவில்லை. நான்கு மணிக்கு முதல் துளி விழுந்தது. நாங்கள் அதற்குள் இறங்கி, சந்தியில் ஒரு தேநீர்க்கடைக்குள் இருந்தோம். ஐந்தேகால் மணிக்கு மழை விட்டது. இடி ஓய்ந்து அரை மணி ஆகியிருந்ததால் வெளியே வந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றோம். வானவில் எப்போதும் சூரியனுக்கு நேரெதிர்த் திசையில், 42 பாகை ஆரத்தில் அமையும். சூரியன் அதைவிடத் தாழ்ந்திருந்தால்தான் சமதரையில் நிற்பவருக்கு அது வானத்தில் தெரியும். மாலை ஐந்தேகாலுக்குச் சூரியன் மிகவும் தாழ்ந்துவிடுவதால் வில் ஏறத்தாழ அரைவட்டமாக எழுந்தது. போய்க்கொண்டிருந்த முகில் அதற்குப் பின்னால் இன்னும் கறுப்பாகவே இருந்தது. மருமகள் யாரும் சொல்லாமலே விரலை வில்லின் மேல் வைத்து அழுத்தி, சூரியக் குறியைக் கீழே இழுத்தாள்.